கழுவினால் வரும் நீலம்

தண்ணீரைப் பரிசோதிக்கும் தொழிலில் தண்ணீரை நம்பினாலும், அது இருந்த இடத்தை நம்பக் கூடாது. ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதி இழந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். முதல் சம்பவத்தை நான் பார்க்கவில்லை. எங்கள் பரிசோதனைக் கூடத்தின் மூத்த கெமிஸ்ட் மணி அண்ணன் சொல்லிக் கேட்டது.

சோடா போட்ட கிணறு

கொடுமுடி போகிற வழியில் ஒரு செம்மண் தோட்டம். பக்கத்திலிருந்த சாயப்பட்டறை மூடிப் பல வருடங்கள். கிணற்றுத் தண்ணீர் பளிங்குபோல இருந்தது, கொஞ்சம் புளிப்பு மட்டும். யாரோ சொன்னார்கள் என்று தோட்டக்காரர் இரண்டு மூட்டை சலவைச் சோடாவை உள்ளே கொட்டினார். மறுநாள் கிணறு முழுக்கச் சிவப்பு.

புளிப்பான தண்ணீரில் செம்மண் சில சாயங்களை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். சோடா பட்டதும் மண்ணின் மின்னூட்டம் மாறி, பிடித்ததை எல்லாம் விட்டுவிடும். மணி அண்ணன் இதைப் பொறுமையாக விளக்கினாராம். தோட்டக்காரர் கிணற்றை எட்டிக்கூடப் பார்க்காமல் கேட்டாராம்: "அப்ப இத்தன வருசமும் இது வாயப் பொத்திட்டு இருந்துச்சுங்களா?"

ஊறுகாய் பாட்டில்

இது எனக்கே நடந்தது. துடியலூரிலிருந்து ரோஸ்லின் அக்கா வந்தார். மூடிக்கிடக்கும் ஒரு நூல் சாயக் கொட்டகைக்குப் பின்னால் அவர்கள் வீடு. கையில் ஏழு மாதக் குழந்தை. "காலைல போர்த் தண்ணியப் பக்கெட்டுல புடிச்சா லேசா நீலமா இருக்குதுங்க தம்பி. பாட்டில்ல ஊத்தி வெச்சா போயிருது. ஊட்டுல எனக்குப் பிரமைங்கறாங்க," என்றார். பழைய ஊறுகாய் பாட்டில் ஒன்றில் தண்ணீரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

வேலை குவிந்திருந்ததால் பாட்டில் நான்கு நாள் அலமாரியில் இருந்தது. பிறகு சோதித்தேன். 'நிறம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி போன முதல் ஆள் நான்; அந்தக் கையெழுத்தை எப்போதும் கொஞ்சம் அழுத்தித்தான் போடுவேன். ரிப்போர்ட் வாங்க வந்த அவர் கணவர் சிரித்தபடி சொன்னார்: "ரொம்ப நன்றிங்க சார். இனிக் கொழந்தைக்குப் பால் கலக்கறதுக்குக் கேன் தண்ணி வேண்டாம். எம் பொண்டாட்டியத்தான் டாக்டர்கிட்டக் காட்டோணும்."

காலி பாட்டில்

அன்று மத்தியானம் அந்தப் பாட்டிலைக் கழுவினேன். மூன்று முறை அலசினேன். தெளிவான தண்ணீர்தான் வந்தது. வழக்கப்படி கடைசியாக நீர்த்த அமிலம் விட்டுச் சுழற்றினேன். ஒன்றுமே இல்லாத கண்ணாடிச் சுவரிலிருந்து நீலம் இறங்கியது. யாரோ உள்ளேயிருந்து கசிய விடுவதுபோல மெதுவாக இறங்கி அடியில் தேங்கியது.

படித்ததுதான். தண்ணீரில் கண்ணாடிக்கு எதிர் மின்னூட்டம். சில சாயங்களுக்கு நேர் மின்னூட்டம். போய் ஒட்டிக்கொள்ளும்; தண்ணீர் தெளிந்துவிடும். அமிலம் பட்டால் பிடி தளரும். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். இருந்தும் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மணி அண்ணன் எட்டிப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார், பிறகு என்னை. "ரிப்போர்ட்டுதான் போயிருச்சல்லோ கண்ணு? அதக் கீழ ஊத்திப்போட்டு சாப்பிட வா."

துடியலூரில்

சாப்பிடவில்லை. காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறினேன். வேலை போய்விடும் என்று வழியெல்லாம் பயம். அதைவிட, அடுத்த வேளைப் பாலை இந்நேரம் கலக்கியிருப்பார்களோ என்ற பயம்.

கதவைத் திறந்ததும் சொன்னேன். "அக்கா, நான் எழுதுனது தப்புங்க. தண்ணில சாயம் இருக்குது. கொழந்தைக்குக் குடுக்காதீங்க." பின்னால் கணவர் நின்றிருந்தார். சாயம் ஒட்டாதபடி அமிலம் விட்டு வைக்கப் புதிதாக ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்தேன். ரிப்போர்ட்டைத் திருத்தித் தருகிறேன் என்றேன். ரோஸ்லின் அக்கா அழுவார் என்று நினைத்தேன். உள்ளே போய்க் குழந்தையின் கண்ணாடிப் பால்புட்டியைக் கொண்டுவந்து, கணவர் பார்க்க என் கையில் வைத்தார். "இதையும் கழுவிப் பாருங்க தம்பி. எனக்குப் பிரமை இல்லீன்னு அதையும் சேத்து எழுதிக் குடுங்க."

வேலை போகவில்லை; குழந்தையைப் பார்த்த மருத்துவர் பயப்பட ஒன்றுமில்லை என்றதையும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். 'நிறம் இல்லை' என்று எழுதுவதற்கு முன்னால் இப்போதெல்லாம் பாட்டிலையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன், ஏனென்றால் அதே தண்ணீரைக் கொதிக்கவைத்துத் தினமும் கழுவிய அந்தப் பால்புட்டியிலும் நீலம் இருந்தது.