நீண்டுபோன டேப்பும் கஸ்தூரியக்காவின் இடது கையும்

விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்த முதல் நாள், எனக்குக் கொடுத்த கருவி ஒரு மஞ்சள் துணி டேப். படித்தது பெரிய பெரிய மிஷின்களைப் பற்றி. கொஞ்சம் கௌரவக் குறைச்சலாகத்தான் இருந்தது.

மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனில் அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுப்பதுண்டு. அதனால் பின்னாளில் நீர் தேங்கிக் கை வீங்கலாம். லிம்ஃபெடீமா என்போம். ஆரம்பத்திலேயே பிடித்தால் கட்டுக்குள் வைக்கலாம். விட்டால் கை தடித்துக் கனத்துப்போகும். அதனால் ஆபரேஷனுக்கு முன்பே இரண்டு கைகளையும் அளந்து கார்டில் எழுதுவோம். பிறகு ஒவ்வொரு முறையும் இரண்டையும் அளந்து ஒப்பிட வேண்டும். கூட்டம் இருந்தால் ஆபரேஷன் பக்கத்தை மட்டும் அளப்பது என் கெட்டிக்காரத்தனம்.

கஸ்தூரியக்கா திண்டிவனத்தில் லேடீஸ் டெய்லர். நான் வேலைக்குச் சேர்ந்த வாரமே, இடது பக்க ஆபரேஷனுக்கு முன், அவருக்கு முதல் அளவு எடுத்தேன். இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் வந்தார்.

"எடது கையில ஜாக்கெட் புடிக்குது மேடம்."

அளந்தேன். கார்டில் இருந்த அதே அளவு. "நார்மல்க்கா. உடம்பு போட்டிருப்பீங்க."

"உடம்பு போட்டா ரெண்டு கையுந்தானே புடிக்கணும்? ஒரு கை மட்டும் எப்படி புடிக்கும்?"

நான் கார்டைக் காட்டினேன். அவர் கார்டைப் பார்க்கவில்லை, என் டேப்பைப் பார்த்தார். தன் பையிலிருந்து ஒரு டேப்பை எடுத்து, இரண்டின் நுனிகளையும் சேர்த்துப் பிடித்துத் தொங்கவிட்டார். என்னுடையது நாலு விரல்கடை கீழே இறங்கி நின்றது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்துத் துடைத்து, நானே இழுத்து வளர்த்த டேப் அது.

"நாங்க வருஷா வருஷம் டேப்ப மாத்திக்கினு இருக்கோம். வெறும் ஜாக்கெட்டுக்கே மாத்துறோம் மேடம்."

அப்போதுதான் உறைத்தது: நீண்டுபோன டேப் அளவைக் குறைத்துக் காட்டும், வீங்கிய கையும் பழைய அளவாகவே தெரியும். அவர் டேப்பால் இரண்டு கைகளையும் அளந்தேன். "தோல தொட்டா போதும், இறுக்காதீங்க" என்று வகுப்பு வேறு எடுத்தார். வலது கை பழைய அளவிலேயே இருந்தது. இடது கை ஒன்றரை சென்டிமீட்டர் கூடியிருந்தது.

அதைக் கேட்டதும் அவர் குரல் இறங்கியது. "துணிய புடிச்சி தள்றது இந்தக் கைதான். இது போச்சுன்னா கடைய மூட வேண்டியதுதான்."

"போகாதுக்கா. நீங்க ஜல்தியா வந்துட்டீங்க" என்றேன். சொல்லும்போதே, அவரை 'நார்மல்' என்று திருப்பி அனுப்பப் பார்த்தது நினைவுக்கு வந்து பயந்துபோனேன்.

டாக்டர் பார்த்து, வீக்கம் வடியக் கையில் இறுக்கமாக மாட்டும் அழுத்த உறையும் பயிற்சியும் எழுதிக் கொடுத்தார். அக்கா உறையை உள்பக்கம் திருப்பி, "யாரு தச்சது இத?" என்றார். ஆனாலும் ஒழுங்காகப் போட்டார். நான் புது டேப் வாங்கி, ரெஜிஸ்டரில் இருந்த எல்லாரையும் போனில் கூப்பிட்டேன். "அன்னிக்கே அளந்துட்டீங்களே, மறுபடியும் எதுக்கு?" என்று முகையூர்க்காரம்மா ஒருவர் கேட்டார். உண்மையைச் சொன்னேன். பஸ் ஏறி வந்துவிட்டார்.

நாலு மாதத்தில் அக்காவின் கை பழைய அளவுக்கு வந்தது. தையல் மிஷினை அவர் நிறுத்தவே இல்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வேன்: ஜாக்கெட் பிடிக்கிறது, வளையல் ஏறவில்லை, கை கனக்கிறது என்று ஒருவர் சொன்னால் முதலில் அதை நம்புங்கள். பிறகு இரண்டு கைகளையும் அளந்து பாருங்கள்.

அக்கா இப்போதும் வருகிறார். நான் அளந்ததும் தன் டேப்பால் ஒரு முறை அளந்து பார்க்கிறார். போன வாரம் இரண்டும் ஒத்துப்போயின.

"பரவால்ல, தொழில் கத்துக்கினீங்க" என்றார்.