இரண்டு பேருக்கு எதிரே கலைமணி

இட்லிப் பானையில் ஆவி வரும்வரை கலைமணி யாரிடமும் பேசுவதில்லை. ஆவி வந்ததும் மூடியை நகர்த்திவிட்டு, இறகுப்பந்து ஷட்டில்களை அடுக்கிய குழாயை இறகுப் பக்கம் கீழே பார்க்கும்படி அதன்மேல் பிடிப்பார். மனசுக்குள் பத்து எண்ணுவார். எடுத்து, தோளில் கிடக்கும் துண்டால் குழாயைத் துடைத்து ஓரமாக நிறுத்துவார். அந்தப் பானையில் இன்றுவரை ஓர் இட்லிகூட வெந்ததில்லை.

"காஞ்ச எறகு ரெண்டு அடில பிச்சிக்கும் நைனா. அதுக்கும் கொஞ்சம் தண்ணி காட்டணும்" என்பார், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும்.

காலை ஆறேகால் மணி. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில், ஒரு காலத்தில் உதிரிபாகக் கிடங்காக இருந்த தகரக் கொட்டகை. உள்ளே பச்சை விரிப்பு போட்ட இரண்டு கோர்ட்டுகள். இரவு ஷிப்ட் முடித்தவர்கள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, சேப்டி ஷூவை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வருவார்கள். ஜெனரல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு வருவார்கள். தூங்கப் போகிறவனும் தூங்கி எழுந்தவனும் ஒரே வலைக்கு இரண்டு பக்கம் நின்று ஆடுகிற இடம் அது.

கலைமணிக்கு ஐம்பத்தொரு வயது. வலது கை இடது கையைவிடப் பருமன். வாலாஜாபாத்தில் அவருக்கு ஜாக்கெட் தைப்பவர் இரண்டு கைக்கும் தனித்தனியாக அளவெடுப்பார். இந்தியாவுக்காக ஏழு வருடம் ஆடியவர். ஒன்பது நாடுகளுக்குப் போயிருக்கிறார். ஊர் எப்படி இருந்தது என்று கேட்டால் அரங்கத்தைத்தான் சொல்வார். ஜகார்த்தாவா, அங்கே காற்று இடப்பக்கத்திலிருந்து தள்ளும். கோலாலம்பூரில் விளக்கு கண்ணைக் குத்தும். பர்மிங்காமா? "குளுரு. ஷட்டில் போவவே போவாது." அவ்வளவுதான் அவருடைய உலகப் பயணக் கட்டுரை.

விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த அரசு வேலையை விருப்ப ஓய்வில் விட்டுவிட்டு, ஆறு வருடத்துக்கு முன்னால் இந்தக் கொட்டகையைக் குத்தகைக்கு எடுத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் நேரம் அமையவில்லை என்றார். பிறகு கேட்கிறவர்களும் குறைந்துபோனார்கள்.

அவரிடம் ஒரு வினோதம் உண்டு. எப்போதும் தனியாகத்தான் ஆடுவார். எதிரே இரண்டு பேர் நிற்க வேண்டும். இருபத்தைந்து வயது இளைஞர்கள் இருவர் வலைக்கு அந்தப் பக்கம் மூச்சு வாங்க, இவர் இந்தப் பக்கம் அரை அடி, ஓரடி நகர்ந்தே அவர்களை மூலைக்கு மூலை ஓடவைப்பார். வெல்டிங் லைனில் வேலை செய்யும் ஜோயல் ஒருநாள், நான் உங்க பக்கம் நிக்கட்டுமா அக்கா என்று கேட்டான். "பக்கத்துல ஆள் நின்னா எனக்குக் கால் ஓடாது" என்றார். ஜோயலுக்கு அது புதிராக இருந்தது. போனில் தேடியபோது கிடைத்த பழைய முடிவுகள் அத்தனையிலும் அவர் ஆடியது இரட்டையர் ஆட்டம். அத்தனையிலும் பக்கத்தில் ஒரே பெயர், நாச்சியார். அதைப் பற்றிக் கேட்டபோது கலைமணி வலையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்ட ஆரம்பித்தார். அவன் பிறகு கேட்கவில்லை.

நடந்தது இதுதான். இரண்டாயிரத்தொன்றில் கெண்டைக்கால் தசை கிழிந்து, கலைமணி ஆறு வாரம் வீட்டில் கிடந்தார். சீக்கிரம் வா என்று நாச்சியார் கடிதம் எழுதினார். கால் சரியாகி, பையோடு பெங்களூரு பயிற்சி முகாமுக்குப் போய் இறங்கினால், அறிவிப்புப் பலகையில் அணிப் பட்டியல் ஒட்டியிருந்தது. நாச்சியாரின் பெயருக்குப் பக்கத்தில் வேறொரு பெண்ணின் பெயர். கலைமணியின் பெயர் எங்குமே இல்லை. உள்ளே நாச்சியார் புது ஜோடியோடு ஆடிக்கொண்டிருந்தார். கதவருகே பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, கலைமணி அடுத்த பஸ்ஸைப் பிடித்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு யாரோடும் ஜோடி சேரவும் இல்லை.

இந்த வருடம் தை மாதம் தென்றல் என்றொரு பெண் ஆட வந்தாள். பக்கத்துத் தொழிற்சாலையில் பயிற்சிப் பொறியாளர், ஊர் தூத்துக்குடிப் பக்கம். கலைமணிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. ஆனி மாதத்தில் அவளுடைய அம்மா, மகளுக்கு ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊரிலிருந்து வந்து, இங்கே வீடு பிடித்துத் தங்கினார். அம்மாவும் அந்தக் காலத்தில் ஆடியவர்தான் என்று சொல்லி, தென்றல் ஒருநாள் காலை அவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வீட்டில் பழைய ஆட்டத்தைப் பற்றி அம்மா பேசுவதில்லை என்பதால், யாரை யாரிடம் கூட்டி வருகிறோம் என்று அவளுக்குத் தெரியாது.

கலைமணி பானையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். நாச்சியார் நரைத்திருந்தார், முழங்காலில் உறை மாட்டியிருந்தார்.

"வாங்க. ஒக்காருங்க" என்றார் கலைமணி. ஏழு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டு, வாடி போடி என்று திரிந்த இருவருக்கு நடுவில் அந்த 'ங்க' வந்து விழுந்தது. நாச்சியார் உட்கார்ந்தார்.

ஒன்பது நாள் அப்படியே போயிற்று. நாச்சியார் மகளோடு வருவார், பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், மகளோடு போவார். கலைமணி அந்தப் பெஞ்சின் பக்கம் பார்க்காமல் கொட்டகையைப் பெருக்கக் கற்றுக்கொண்டார்.

பத்தாம் நாள் ஜோயலின் கூட்டாளிக்கு ஓவர்டைம் விழுந்துவிட்டது. ஜோயலும் தென்றலும் ஒரு பக்கம் நிற்க, வழக்கம்போல் கலைமணி தனியாக எதிரே நின்றார். தென்றல் பின்மூலைக்குத் தூக்கியடித்த பந்துக்குப் பின்வாங்கியபோது பழைய கெண்டைக்கால் சுருண்டு இழுத்தது. கலைமணி ஒரு காலில் தத்தி நின்றார். போதும் அக்கா என்று ஜோயல் ஓடிவந்தான். ஒன்னுமில்ல, நீ உன் எடத்துக்குப் போ என்று அவனை விரட்டினார்.

அப்போது நாச்சியார் எழுந்தார். செருப்பைக் கழற்றினார். சுவரில் மாட்டியிருந்த பேட்டுகளில் ஒன்றை எடுத்து, பிடியை இரண்டு தரம் சுழற்றிப் பார்த்தார். வெறுங்காலோடு நடந்துவந்து கலைமணியின் இடப்பக்கம் நின்றார். யாரையும் கேட்கவில்லை. கலைமணி வேண்டாம் என்று சொல்லவில்லை.

முதல் நான்கு பந்தும் வீணாயின. ஐந்தாவதில் கலைமணி காலைத் தாங்கித் தாங்கி வலைக்குப் போக, திரும்பிப் பார்க்காமலே நாச்சியார் பின்னால் போனார். ஆறாவதில் நாச்சியார் வலப்பக்கம் இழுபட, கலைமணி இடப்பக்கம் நகர்ந்துவிட்டிருந்தார். தென்றல் அம்மாவை வாய் திறந்து பார்த்தாள். அடுத்த கோர்ட்டில் ஆட்டம் நின்றது.

பிறகு ஜோயல் ஒன்றை இருவருக்கும் நடுவில் அடித்தான். நீ எடுப்பாய் என்று இவர் நிற்க, அவரும் நிற்க, பந்து நடுவில் விழுந்தது.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாச்சியார் தாழ்ந்த குரலில் சொன்னார்: "உன் காலு இனி தேறாதுன்னு முகாம்ல சொன்னாவ. வேற ஆளோட ஆடு, இல்லன்னா நீயும் வெளியன்னாவ. சரின்னுட்டேன். அத உனக்கு எழுதத் தைரியம் இல்லட்டி."

கலைமணி பேட்டின் நரம்புகளை விரலால் சரிசெய்தார்.

"அதுகூடப் பெருசில்ல. அன்னைக்கு நீ கதவுகிட்ட நின்னத நான் பாத்தேன் கலை. பாக்காத மாதிரி ஆடிட்டு இருந்தேன்."

கலைமணி குனிந்து பந்தை எடுத்தார். ஓர் இறகு மடங்கியிருந்தது. கட்டைவிரலால் நீவி நேராக்கினார்.

"தெரியும்" என்றார். "நீ நெட்டுல தப்பு பண்ற ஆளா? அன்னிக்கி ரெண்டு வுட்ட. அப்பவே தெரியும், நீ என்னப் பாத்துட்டன்னு."

நாச்சியார் புறங்கையால் முகத்தைத் துடைத்தார். "பொறவு ஏம்ட்டி உள்ள வரல?"

கலைமணி பந்தை உள்ளங்கையில் ஒருமுறை உருட்டினார். "வந்துருக்கணும்" என்றார் கடைசியில். பந்தை வலைக்கு மேலே ஜோயலிடம் தட்டிவிட்டு, "போடு நைனா" என்றார்.

அடுத்த ஆட்டம் நீண்டது. பந்து இருபது தரத்துக்கு மேல் வலையைத் தாண்டியிருக்கும். கடைசியில் தென்றல் வலையில் அடித்தாள். சர்வீஸ் இந்தப் பக்கம் வந்தது.

கலைமணி முன்னால் போய்க் கோட்டருகே நின்றார். நாச்சியார் இரண்டடி பின்னால். கலைமணி எதிரே இருப்பவர்களைப் பார்த்தபடியே இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். போடப்போகும் சர்வீஸ் குட்டையா நெடியதா என்று பின்னால் நிற்கும் ஜோடிக்கு மட்டும் சொல்லும் ரகசியம் அது. தனியாக ஆடுகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. நாச்சியார் காத்திருந்தார்.

கலைமணி ஒரு விரலை நீட்டினார்.