மழைக்காட்டுச் செடியும் அரக்குத் தடமும்

அந்தச் செடியை வாங்கிவந்தது நான்தான். அந்தப் பழியை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. என் கணவருக்குச் சர்க்கரை. மாத்திரை என்றாலே முகத்தைச் சுளிப்பார். சேவூர்ப் பக்கத்து நர்சரியில் இன்சுலின் செடி என்று கொடுத்தார்கள். தென்னமெரிக்க மழைக்காட்டுச் செடியாம். பெரிய மரங்களின் அடியில், நேர் வெயில் படாமல் வளருமாம். தினம் ஓர் இலை மென்றால் போதும் என்றார்கள். நம்பினேன். மாத்திரை நின்றது. தினமும் அவர் பாதத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். நான் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆரணி வெயிலில் கருகிவிடும் என்று தொட்டியைத் தறி அறையில் வைத்தேன். அவர் குழிக்குள் கால்விட்டு மிதித்து நெய்யும் குழித்தறி இருக்கும் அறை, எப்போதும் ஈரமும் அரையிருட்டும்தான். செடிக்கு அது பிடித்துப்போனது. தண்டு முறுக்கிக்கொண்டு தறிக்குழியின் பக்கமாகவே சாய்ந்தது. தொட்டியைத் திருப்பி வைத்தாலும் மறுபடி அங்கேயே சாயும். ஜன்னலும் அந்தப் பக்கம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அரக்கு நிறத்தில் கல்யாணப் புடவை தறியில் இருந்தபோதுதான் தரையில் அதே நிறத்தில் கறைகள் வந்தன. தறியிலிருந்து செடிவரைக்கும், இடது கால் தடம் மட்டும். வலது காலே இல்லாத ஒருவர் நடந்துபோனதுபோல. துடைத்தாலும் மறுநாள் வந்துவிடும். பட்டு நூல் பிசிர் காலில் ஒட்டி, வியர்வையில் சாயம் இறங்குகிறது என்று நினைத்தேன். ஒரே கோபம்.

மிச்சமிருந்த நூலை எடுத்துப்போய்ச் சாயப்பட்டறையில் கத்தினேன். சாயக்காரர் ஒரு கண்ணாடி டம்ளரில் வெந்நீர் ஊற்றி நூலை முக்கினார்.

"பாருக்கா. எவ்ளோ நேரம் வேணாலும் நின்னுகினு பாரு."

பார்த்தேன். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

அப்படியென்றால், ஒரு வாரமாக நான் துடைத்தது என்ன?

ஆட்டோ பிடித்து ஓடிவந்தேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. செல்போன் வெளிச்சத்தைக் குழிக்குள் அடித்தேன். மிதிபலகையில் ஓர் ஆணி தலை நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் அவருடைய இடது பாதம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, தாளம் தப்பாமல்.

"நிறுத்துங்க! வலிக்கலையா?" என்று அலறினேன்.

மிதிப்பதை நிறுத்தாமலே என்னைத் திரும்பிப் பார்த்தார். வாயில் அன்றைய இலை.

"எது?" என்றார்.