கலங்கல் அருவிக்குப் பின்னால்

என் அக்கா கணவர் மூசாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். பாவம் என்று தோன்றுவதெல்லாம் அப்புறம். தென்காசியில் பிறந்து, குற்றாலச் சாரலில் நனைந்து வளர்ந்து, பத்தொன்பது வருடமாகச் சவூதியில், தம்மாமில் கிரேன் ஓட்டுகிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் லீவு. அதிலும் பாதி, கல்யாண வீடு, சாவு விழுந்த மௌத்து வீடு, ஆஸ்பத்திரி என்று போய்விடும். மிச்ச நாளில்தான் அவர் வாப்பாவாக இருந்து முடிக்க வேண்டும்.

மகள் சனோபருக்கு எட்டு வயதானபோது ஒரு வீடியோ கேம் பெட்டி கொண்டுவந்தார். டிவியில் மாட்டிக் கொடுத்தது நான்தான். விளையாட்டு ஒரு பாதாளச் சிறையில் தொடங்கும். கோட்டைக்கு அடியில் அடைபட்ட வீரன் ஒருவன் எலும்புக்கூடுகளை வெட்டித் தள்ளி, வழி கண்டுபிடித்து வெளியே வர வேண்டும். வெளியே மலை, கடல், ராஜ்யம் என்று பெரிய உலகம் இருக்கிறதாம். அட்டையில் இருந்த படத்தைக் காட்டி, உன்னை அங்கே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்தார்.

கூட்டிப் போகவில்லை. சிறையின் கடைசியில் ஓர் அருவி இருக்கும். சிவந்து கலங்கிய தண்ணீர் சருகும் குச்சியுமாகக் கொட்டும். மூசா அதன் பக்கத்திலேயே வீரனை விடமாட்டார். குற்றாலம் மெயின் அருவியில் தண்ணீர் நிறம் மாறினால் வெள்ளம் வருகிறதென்று சோப்பையும் துண்டையும் போட்டது போட்டபடி ஓடிவந்து பழகிய உடம்பு. "தண்ணி கலங்கி வருது, தள்ளி நில்லு" என்று டிவியைப் பார்த்துச் சொல்வார். திரும்பி வந்து மற்ற சுவர்களைத் தடவிக்கொண்டிருப்பார். மகள் அவர் தோளில் சாய்ந்து சிரிப்பாள். லீவு முடிந்துவிடும்.

சேர்ந்துதான் விளையாட வேண்டும் என்று சொல்லி, போகும்போது பெட்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்வார். ஃபாரின் தட்டு, கம்பளிப் போர்வையோடு அதுவும் அடுத்த லீவு வரை அங்கே கிடக்கும். அதற்குள் எந்தப் பட்டன் எதற்கு என்பது அவருக்கு மறந்துபோகும். மறுபடி முதலிலிருந்து. அவளுடைய பத்து வயதிலும் அதே சிறை, பன்னிரண்டு வயதிலும் அதே சிறை. வீட்டில் எல்லோரும் கேலி செய்தோம். நான் கொஞ்சம் கூடுதலாகவே செய்தேன்.

இந்த ஜூலையில் வந்தார். சனோபருக்குப் பதினாலு. வந்த மூன்றாம் நாள் சாயங்காலம் அவரே பெட்டியைத் துடைத்து மாட்டி, மகளைக் கூப்பிட்டார். அவள் யூனிஃபார்மோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வாப்பா பாயில் அவளுக்கு விட்டிருந்த இடம் அப்படியே இருந்தது. நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அருவி வந்தது. மூசா வழக்கம்போல வீரனைத் திருப்பினார். அவள் ஜாய்ஸ்டிக்கை அவர் கையிலிருந்து வாங்கி, வீரனை நேரே கலங்கல் தண்ணீருக்குள் நடத்தினாள். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீருக்குப் பின்னால் படிக்கட்டு இருந்தது. ஏறினால் வெளிச்சம், புல்வெளி, தூரத்தில் மலை.

மூசா சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினார். உனக்கு எப்படி வழி தெரிந்தது என்று கேட்டார். பத்து வயதிலேயே, கூடப் படிக்கிற அனுசியா வீட்டில், யூடியூபில் ஒருவர் விளையாடியதைக் கடைசி வரைக்கும் பார்த்துவிட்டதாகச் சொன்னாள்.

"அப்பவே சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா வெளிய வந்துருவோம். நீங்க எந்திரிச்சுப் போயிருவீங்க. உள்ளயே கெடந்தா பக்கத்துல இருப்பீங்கன்னு சும்மா இருந்தேன்."

மூசா சிரித்தார். சிரித்துக்கொண்டே, "பொறவு இன்னைக்கு ஏன் காட்டிக் குடுத்த?" என்று கேட்டார்.

"டியூஷனுக்கு நேரமாச்சு வாப்பா."

ஜாய்ஸ்டிக்கை அவர் மடியில் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

மூசா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இன்னும் நாப்பத்திரெண்டு நாள் கெடக்கு மச்சான். நான் என்ன செய்ய?"