எரிக்கிற தாளுக்கு எதற்குக் காப்பி

செய்தி வந்தபோது ஆலத்தியூரில் ஒரு சிமென்ட் லாரிக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தேன். ஜரீனா அக்காவின் தங்கை போனில் பேசினார். "லாத்தா மௌத்தாயிட்டாங்க தம்பி. காலையில கடைக்குக் கெளம்பறப்பவே நெஞ்சு வலின்னாங்க. சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சு அடக்கம்." கயிற்றைப் பாதியில் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். டிரைவர் திட்டினார். திட்டட்டும்.

கூடப் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், பெரம்பலூர் பக்கம் நம் கல்லூரி கேட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாரே, அந்த அக்காதான். கணவர் குவைத்தில். இவர் லெப்பைக்குடிகாட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து கடை திறப்பார். ஹால் டிக்கெட் முதல் டி.சி. வரை நம் எல்லோருடைய காகிதமும் அவர் கை பட்டுத்தான் போனது. ஆனால் எதையும் படிக்கமாட்டார். ஒரு பெண் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு தயங்கி நின்றபோது, "கவுத்துக் குடும்மா. எத்தனை காப்பின்னு தெரிஞ்சா எனக்குப் போதும்" என்றார். அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையைத்தான் அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள்.

அவர்கள் என்றால், தங்களைக் 'குடும்பம்' என்று சொல்லிக்கொண்ட கும்பல். எந்த மதம் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் மற்ற மதத்துக்காரர்கள் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். ஹாஸ்டலில் காய்ச்சலோடு கிடந்தபோது கஞ்சி வாங்கி வந்தார்கள். பிறந்த நாளுக்குக் கேக் வெட்டினார்கள். அரியர் பேப்பருக்கு நோட்ஸ் கொடுத்தார்கள். என் அப்பா என்னைக் கட்டிப்பிடித்ததே இல்லை. இவர்கள் பார்க்கும்போதெல்லாம் கட்டிப்பிடித்தார்கள். இப்போது நினைத்தால் தேய்த்துக் குளிக்கத் தோன்றுகிறது.

மூன்றாவது வாரம் கையில் ஒரு தாளைக் கொடுப்பார்கள். செய்த தப்பு, வீட்டு ரகசியம், எல்லாவற்றையும் எழுதிப் பெயர் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் அதை எரிப்பார்கள். அழுவோம். பாரம் இறங்கியது போலவே இருக்கும். ஆனால் முந்தின நாளே அந்தத் தாள்கள் ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்திருக்கும். கொண்டுபோனது நான். குடும்பத்துக்குத் தலைவரான 'பெரியவர்' காப்பியைப் பார்த்து ஒவ்வொருவர் பெயரையும் வாசித்து வேண்டிக்கொள்வார் என்றார்கள். நம்பினேன்.

ஒரு சனிக்கிழமை மெஷினில் தாள் சிக்கியது. அக்கா இழுத்ததில் இரண்டாகக் கிழிந்தது. ஒட்டுவதற்காகத் துண்டுகளைப் பொருத்தியபோது முதல் வரி கண்ணில் பட்டுவிட்டது. 'எரித்துவிடுவீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.' டேப்பைக் கீழே வைத்தார்.

"எரிக்கிற தாளுக்கு எதுக்கு தம்பி ரெண்டு காப்பி?"

வேண்டுதலுக்கு என்றேன்.

"படைச்சவனுக்குக் காப்பி எடுத்துக் குடுத்தாத்தான் படிக்க வருமா?"

தாள்களைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். மொத்தம் ஒன்பது. பெயர்களைப் பார்த்துப் பையன்களைக் கூப்பிட்டனுப்பினார். எட்டுப் பேர் வந்து அவரவர் தாளை வாங்கிப்போனார்கள். ஒவ்வொருவரிடமும் அவர் முதலில் சொன்னது ஒன்றுதான்: "இதைக் காப்பி எடுத்தது நான்தான்ப்பா. பாக்காம எடுத்தது என் தப்பு."

வராத ஒன்பதாவது ஆள் கதிரேசன். கிழிந்த தாள் அவனுடையது. செட்டிகுளத்துக்காரன், என் ரூம்மேட், ஒரு வருடம் ஜூனியர். அவனைக் குடும்பத்துக்குள் கூட்டிவந்தது நான். கடைக்குப் போகாதே என்று தடுத்ததும் நான். அவனை மறுபடி எழுதவைத்து வேறு கடையில் காப்பி எடுத்துக் கொடுத்ததும் நான்.

திங்கட்கிழமை 'அண்ணன்' என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். குடும்பத்தில் மூத்தவன், ஒருநாளும் குரல் உயர்த்தாத ஆள். நீங்கள் வேறு மதம், எங்கள் விஷயம் உங்களுக்குப் புரியாது என்றான்.

"இந்த மாதிரி ஆளுங்க எங்கள்லயும் இருக்கானுங்க தம்பி. மதத்தை விடு. நீ கூப்புடுற எடத்துக்கு அந்தப் புள்ளைங்க ஊட்டுல சொல்லிட்டு வரலாமா? அதை மட்டும் சொல்லு."

அவன் புன்னகைத்தான். அதைப் போல அசிங்கமான ஒன்றை நான் பார்த்ததில்லை. அன்றைக்கு எனக்கு அது அழகாகத் தெரிந்தது, அதுதான் அதைவிட அசிங்கம். அடுத்த வாரமே கேட் முழுக்கப் பேச்சு: கடைக்காரி பையன்களின் ரகசியத்தைத் திருடிப் படிக்கிறாள், அதுவும் வேற மதத்துக்காரி. பரப்பியவர்களில் நானும் உண்டு. இதைப் படிக்கிற சிலரும் உண்டு.

படிப்பை விட்டு முழுநேரமாக வா என்றார்கள். போனேன். நான்கு மாதம் கழித்து, அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, ஊருக்கு, மீன்சுருட்டிக்குப் போகிறேன் என்றதும் அண்ணன் ஒரு கவரை எடுத்தான். உள்ளே என் தாளின் காப்பி. எரிந்ததை நானே கண்ணால் பார்த்த தாள். "இது அம்மா கையில கெடைச்சா தாங்குவாங்களாப்பா?" அதே மெல்லிய குரல். அன்றே ஊருக்குப் போய்விட்டேன். பின்னாலேயே கவரும் வந்தது. அம்மா படித்தார். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு போட்டார். படிப்பு மட்டும் போனது போனதுதான்.

மன்னிப்புக் கேட்க ஜரீனா அக்கா கடைக்குப் போனேன். வாயைத் திறப்பதற்குள் அவரே, "ஒன் தாளையும் நான்தான் எடுத்துக் குடுத்துருப்பேன், மன்னிச்சுக்க" என்றார். அதன் பிறகு எப்போது பார்த்தாலும் ஒரே கேள்வி: கதிரேசன் வீட்டுக்குப் போனாயா? அவன் இன்னும் அவர்களோடுதான் வெளியூரில் இருந்தான். போகிறேன் போகிறேன் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். "போனா அவனுங்களைத் திட்டிக்கிட்டு நிக்காத. மொதல்ல நீ பண்ணதைச் சொல்லு. அப்பத்தான் காது குடுப்பாங்க" என்பார்.

அடக்கத்துக்கு அந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் வந்திருந்தார்கள். அடக்கம் நடந்த மையவாடி வாசலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம்.

மறுநாள் காலை செட்டிகுளம் போனேன். கதிரேசனின் அம்மா வாசலில் சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார். மகன் பெரிய கம்பெனியில் டிரெயினிங்கில் இருப்பதாகச் சொல்லி, டீ போடட்டுமா என்றார்.

"வேணாம்மா. அவனுக்கு வேலையெல்லாம் இல்ல. அந்தக் கும்பல்ல அவனைக் கொண்டுபோயி விட்டது நான்தான்."

தாளைப் பற்றியும், என் வீட்டுக்கு வந்த கவரைப் பற்றியும் சொன்னேன். அவர் என்னை அறைந்திருக்கலாம். "இதைச் சொல்ல ஒனக்கு இத்தனை மாசமா?" என்று மட்டும் கேட்டார். பிறகு போனை எடுத்து அவன் நம்பரைப் போட்டு என்னிடம் நீட்டினார்.

தன் தப்பை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது. ஜரீனா அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

கதிரேசன் எடுத்தான். பின்னால் கைதட்டலும் பாட்டும். "டேய், ஒன் தாளைக் காப்பி எடுத்து அவனுங்ககிட்ட குடுத்தது நான்தான்" என்றேன். அவன் அம்மா வெங்காயச் சருகு ஒட்டிய கையால் போனைப் பிடுங்கினார்.

"எந்தக் கவர் வந்தாலும் பிரிக்காம அடுப்புல போட்டுருவேன்டா. நீ வா."

பாட்டுச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அவன் அந்த அறையிலிருந்து வெளியே நடந்துகொண்டிருந்தான்.