ரெட்டியார்பாளையத்தில் ஒரு கம்போடிய ஆந்தை

பழைய சட்டி பானையைப் பார்க்க ஒரு பயணமா என்று வீட்டில் ஒரே கேலி. கல்லூரித் தோழி குளோதினின் நிச்சயதார்த்தத்துக்கு, போன தை மாதம், ஒரு நாள் முன்னதாகவே புதுச்சேரிக்குக் கிளம்பினேன். அவள் அப்பாவின் தாத்தா சைகோனில் வேலை பார்த்துத் திரும்பியபோது ஒரு சுண்ணாம்புக் குடுவை கொண்டுவந்தார். கம்போடியாவில் செய்தது, பல நூறு ஆண்டுப் பழசு. அந்த வீட்டில் யாருக்கு நிச்சயமானாலும் தாம்பூலத் தட்டில் அந்தக் குடுவை இருந்தாக வேண்டும்.

விழுப்புரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர், பேருந்தில் சுமார் ஒரு மணி நேரம். வழியிலேயே ரெட்டியார்பாளையத்தில் இறங்கியிருக்க வேண்டும். தூங்கிவிட்டதால் பேருந்து நிலையம்வரை போய், ஆட்டோவுக்கு 150 ரூபாய் தண்டம். "வந்த வழியேதான் திரும்பிப் போறோம் சார்" என்று ஓட்டுநர் சிரித்தார்.

குடுவை உள்ளங்கையில் அடங்கியது. பறவை வடிவம், தேன் நிறப் பளபளப்பு, உருண்டைக் கண்கள், முதுகில் சுண்ணாம்பு எடுக்கும் வாய். "அழகான ஆந்தை!" என்றேன்.

குளோதினின் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நல்ல நாளும் அதுவுமா ஆந்தைங்கிறியே! அது புறா தம்பி."

காது இருக்கிறதே என்று வாதாடினேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது எனக்கு.

நாளைக்கு எப்படி வைப்போம் என்று எனக்குக் காட்டும் உற்சாகத்தில், சுட்ட கிளிஞ்சலை அந்தக் குடுவைக்குள்ளேயே போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டார் அம்மா. வெளியே மண்சட்டியில் தண்ணீர் விட்டு நீற்றி, ஆறிய பிறகுதான் குடுவையில் நிரப்ப வேண்டுமாம். இப்போது அங்கே யாரும் வெற்றிலை போடுவதில்லை, பழக்கம் விட்டுப்போயிருந்தது. உள்ளே தளதளவென்று கொதித்து ஆவி வந்தது. 'டக்' என்று ஒரு சத்தம்.

"ஐயோ, வெடிச்சிடுச்சு!" என்று அம்மா அலறினார்.

குளோதினின் அப்பா ஓடிவந்தார். "யாரும் தொடாதீங்க. தண்ணி ஊத்தாதீங்க. தானா ஆறட்டும்."

குளோதின் அழுதேவிட்டாள். நான் வராமலிருந்தால் அது அலமாரியில் பத்திரமாக இருந்திருக்கும். போட்ட காபியை யாரும் தொடவில்லை.

கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் அப்பா மெதுவாகக் கவிழ்த்தார். புதுச் சுண்ணாம்போடு, எந்தக் காலத்திலோ உள்ளே இறுகிப்போன ஒரு கட்டியும் விழுந்தது. சூட்டில் அது குடுவையை விட்டுப் பெயர்ந்த சத்தம்தான் அந்த 'டக்'. டார்ச் அடித்துப் பார்த்தார், நகத்தால் தட்டினார். கணீரென்றது. கீறல்கூட இல்லை. அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர்.

இந்தப் பக்கம் போகிறவர்கள் ரெட்டியார்பாளையம் வரும்போது விழித்திருங்கள். யார் வீட்டிலாவது இப்படிப்பட்ட பொருளைக் காட்டினால், உட்கார்ந்துகொண்டு இரண்டு கையாலும் வாங்குங்கள். எப்படிப் பயன்படுத்துவீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

மறுநாள் வெற்றிலைக்கு நடுவே அது ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் குனிந்து பார்த்தார். "இது என்னாங்க, ஆந்தையா?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"புறாங்க."