குடமுருட்டிக் கரையில் ஒரு விரால்

ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை. காலை ஏழு மணிக்குத் தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்தில் திருவையாற்று நகரப் பேருந்தில் ஏறினேன். பதின்மூன்று கிலோமீட்டர், பெண்களுக்குக் கட்டணமில்லை. சீட்டைக் கொடுத்த நடத்துநர் என் தோளில் தொங்கிய நீளக் குழாயைப் பார்த்தார்.

“என்னக்கா இது, துப்பாக்கியா?”

“தூண்டில். ஊட்டியிலேர்ந்து வர்றேன்.”

“மீன் புடிக்க அங்கேர்ந்து இங்கயா!” என்று சிரித்துக்கொண்டே பின்னால் போனார்.

அவர் சிரித்ததில் நியாயம் உண்டு. எங்கள் மலையிலேயே ட்ரவுட் இருக்கிறது. ஆனால் அது அந்த மலையின் மீன் அல்ல. வெள்ளைக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்த இனம். இன்றும் பண்ணையில் பொரிந்த குஞ்சுகளை நீரில் விடுகிறார்கள். இறகும் நூலும் சுற்றி நானே கட்டும் போலிப் பூச்சிகளை வீசி, பல வருடங்களாக அந்த மீன்களைப் பிடித்து வருகிறேன். ஒவ்வொரு முறையும் யாரோ வைத்துவிட்டுப் போனதை எடுப்பதுபோல மனசுக்குள் ஒரு குறை. யாரும் விடாத மீன், அதன் சொந்த ஆற்றில், என் பூச்சியைத் தேடி ஒரே ஒரு முறை மேலே வந்தால் போதும். அந்த ஏக்கம்தான் என்னை மலையிலிருந்து இறக்கியது.

சையது திருவையாற்று நிறுத்தத்தில் காத்திருந்தார். துபாயில் பல வருடம் இருந்துவிட்டு இங்கே ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். தூண்டில்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் பழக்கம். அவருடைய பைக்கில் சம்பா வயல்களுக்கு நடுவே நாலு கிலோமீட்டர் போனோம். நடவு முடிந்து ஒரு மாதமிருக்கும். பயிர் பச்சை பிடித்திருந்தது.

“புடிச்சுட்டு விட்டுருவீங்களாமேக்கா?”

“தானா வளந்த காட்டு மீன்னா விட்டுருவேன். பண்ணை மீன்னா வீட்டுக்கு.”

“எனக்கு அது புரியல. திங்கிறதுக்குப் புடிச்சா சரி. விளையாட்டுக்கு ஒரு உசுரோட வாயில முள்ளக் குத்தலாமா?”

“என் முள்ளுல சதையில மாட்டிக்கிற எதிர்க்கொக்கி கிடையாது, சட்டுனு கழண்டுரும். அவ்வளவா வலிக்காது.”

“மீனு சொல்லுச்சா?”

தோளில் நழுவிய குழாயை ஏற்றிப் பிடித்துக்கொண்டேன்.

குடமுருட்டி ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் மதகுக்குப் பக்கத்தில், ஆகாயத்தாமரை ஒதுங்கிய ஒரு மடு. பதினோரு மணிவரை வீசினேன். ஒரு கடிகூட இல்லை. அப்போது சையது என் கையைத் தொட்டு நீரைக் காட்டினார். செம்மண் கரைத்ததுபோல ஒரு திட்டு மெல்ல நகர்ந்தது. உற்றுப் பார்த்தால் நூற்றுக்கணக்கில் சிவந்த குஞ்சுகள். அவற்றுக்குக் கீழே என் முழங்கை நீளத்துக்கு ஒரு கருநிழல். மூச்செடுக்க மேலே வந்து, ‘களக்’ என்று காற்றை விழுங்கிவிட்டு இறங்கியது. விரால்.

“குஞ்சுக்கு நடுவுல போடுங்க. கண்டிப்பா அடிக்கும்.”

அடிக்கும், எனக்கும் தெரியும். குஞ்சு காக்கும் விரால் பசியில்லாவிட்டாலும் எதிரில் வருவதைக் கடிக்கும். கோலை உயர்த்திவிட்டேன். இத்தனை வருடம் கேட்டது பத்தடி தூரத்தில் நின்றது. ஆனால் நான் கேட்டது என் பூச்சியை விரும்பி வரும் மீனை. பிள்ளைகளுக்காகப் பாய்வதை அல்ல. கோலைத் தாழ்த்தினேன்.

சையது தன் தூண்டிலில் ரப்பர் தவளையை மாட்டினார்.

“வேணாம், சையது. இத எடுத்தா குஞ்செல்லாம் மத்த மீனுக்கு இரையாயிடும்.”

“வீட்டுக்கு விருந்து வந்திருக்கீங்க. விரால் இல்லாம எப்படி?”

“அந்த விருந்தாளிதான் கேக்குறேன்.”

அவர் முகம் சுருங்கியது. மடுவையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு தவளையைக் கழற்றினார். “ஜீனத்துக்கிட்ட நீங்களே சொல்லிக்குங்க.”

ஜீனத் அவர் மனைவி. வெறுங்கையோடு நின்ற எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பக்கத்துக் குளத்தில் பிடித்த கட்லாவை வாங்கிவரச் சொல்லிக் குழம்பு வைத்தார். சாப்பிடும்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

“இது குளத்துல விட்டு வளத்த மீன்தானே?”

“ஆமாக்கா. அது என்ன பாவம் பண்ணுச்சு? யாரு விட்டா என்ன, நீந்தினது அதுதானே?” என்றார் ஜீனத்.

இரண்டாம் முறையும் சோறு வாங்கிக்கொண்டேன். குழம்பு அவ்வளவு ருசி.

மாலை மறுபடி மடுவுக்குப் போனோம். தூண்டில்களை வீட்டிலேயே விட்டிருந்தோம். எடுக்க வேண்டாம் என்று இருவருமே சொல்லவில்லை. செந்திட்டு எதிர்க்கரையோரம் இருந்தது. ஒரு கொக்கு அருகில் இறங்க, விரால் பாய்ந்து நீர் வெடித்தது, கொக்கு பறந்துவிட்டது. சையது சத்தமாகச் சிரித்தார்.

ஐந்தே முக்காலுக்குத் தஞ்சாவூர்ப் பேருந்து. வழியில் ஐந்து ஆறுகள், ஐந்து பாலங்கள். காவிரி வந்ததும் எழுந்து நின்று, மீன் ஏதும் மேலே வருகிறதா என்று ஜன்னல் வழியே நீரைப் பார்த்தேன். குடமுருட்டியிலும், வெட்டாற்றிலும், வெண்ணாற்றிலும் அப்படியே.

“இறங்கணுமாக்கா?” என்றார் நடத்துநர்.

“இல்லங்க.”

வடவாறு வந்தபோது இருட்டிவிட்டது. தண்ணீர் தெரியவில்லை. இருந்தும் எழுந்து நின்றேன்.